மக்காச்சோளத்துக்கு எந்த நேரத்துல தண்ணி குறைஞ்சா எவ்வளவு போகுது – நாலு பட்டையா பிரிச்சு பார்த்தது

போன சாகுபடியில கதிர உரிச்சு பார்த்தப்போ பாதிக்கு மேல நுனி மொட்டையா இருந்துச்சு. அடியில மணி நல்லா கெட்டியா இருக்கு, மேல போகப்போக அங்கொண்ணு இங்கொண்ணு, கடைசி நாலு விரல் அளவுக்கு வெறும் கட்டை. விதை சரியில்லைன்னு ஒருத்தர் சொன்னாங்க, உரம் பத்தலைன்னு இன்னொருத்தர் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஏன்னா தட்டை நல்லா ஆளுயரத்துக்கு மேல வளர்ந்து பச்சையா நின்னுச்சு, தண்ணி குறைஞ்சிருந்தா செடி இப்படியா நிக்கும்னு ஒரு எண்ணம். அப்புறம் மோட்டார் ஓட்டுன நோட்ட எடுத்து புரட்டினா, பூ எடுத்த சமயத்துல ஒரு ஒன்பது நாள் மோட்டார் பழுதாகி ஓடவே இல்ல. மொத்த சாகுபடிக்கும் கணக்கு போட்டா அந்த ஒன்பது நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனா அந்த ஒன்பது நாள்லதான் போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு, அத சரி பார்க்கத்தான் இந்த தடவை பட்டை பட்டையா பிரிச்சு செஞ்சேன்.

செஞ்ச விதத்த முதல்ல சொல்லிடுறேன். 60 மீட்டர் நீளம், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்கு செடி 25. ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒரு லேட்டரல், அதாவது சொட்டுநீர்க் குழாய், அதுல 60 சென்டிமீட்டருக்கு ஒரு ட்ரிப்பர், அதாவது தண்ணி சொட்டுற முனை, ஒவ்வொண்ணும் மணிக்கு 4 லிட்டர். ஆறு வரிசை சேர்ந்தா ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு வால்வு. இப்படி நாலு பட்டை. முதல் பட்டைக்கு கடைசி வரை குறையில்லாம தண்ணி. ரெண்டாவதுக்கு செடி முழங்கால் உயரம் வந்ததுல இருந்து 20 நாள் நிறுத்தம். மூணாவதுக்கு ஆண்பூ தலை காட்டுறப்போ நிறுத்தி கதிர் நுனியில வர்ற பட்டுநூல் காயற வரைக்கும் 12 நாள். நாலாவதுக்கு பால் பிடிக்கிறப்போ நிறுத்தம். ரெண்டாவதுக்கு 20 நாள், மூணாவதுக்கு 12 நாள்னு ஏன் வித்தியாசம்னா, சின்ன செடி குடிக்கிறது கம்மி, பூக்கிற செடி குடிக்கிறது ஜாஸ்தி, நாள் கணக்கு ஒண்ணா வெச்சா நியாயமா இருக்காது. நிறுத்துற தண்ணியோட அளவு ரெண்டுலயும் சுமார் 90 மில்லிமீட்டர் வர்ற மாதிரி பார்த்துக்கிட்டேன்.

மில்லிமீட்டர்னு சொன்னா குழம்ப வேண்டாம், ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் ஊத்தினா அது ஒரு மில்லிமீட்டர். என் அமைப்புல ஒரு ட்ரிப்பருக்கு 1.2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் நீளம், அதாவது 0.72 சதுர மீட்டர் பங்கு வருது, மணிக்கு 4 லிட்டர்னா மணிக்கு சுமார் 5.5 மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா போதும், மோட்டார எத்தனை நிமிஷம் ஓட்டணும்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

ஒரு நாளைக்கு செடி எவ்வளவு குடிக்குதுன்னு பார்க்க அகலமான தகரத் தொட்டி ஒண்ண வெயில்ல வெச்சு, உள்ள ஸ்கேல் ஒட்டி, தினம் காலையில எவ்வளவு இறங்கியிருக்குன்னு எழுதினேன். முறையான ஆவியாதல் தொட்டின்னா 120.7 சென்டிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் ஆழம்னு ஒரு அளவு இருக்கு, நம்ம தொட்டி அதுக்கு கொஞ்சம் பக்கத்துலதான். தொட்டியில இறங்கின அளவ 0.7 ஆல பெருக்கி, அத பயிரோட வயசுக்கு உள்ள எண்ணால பெருக்கணும். மக்காச்சோளத்துக்கு முளைச்ச புதுசுல அந்த எண் 0.3 தான், இலை மூடி பூக்கிற சமயத்துல 1.2 வரைக்கும் ஏறும், கடைசியில காய விடறப்போ திரும்ப 0.6, 0.35ன்னு இறங்கிடும். ஐநா உணவு வேளாண் அமைப்பு 1998-ல போட்ட 56-ம் நம்பர் கையேட்டுல இருக்கிற எண்கள்தான் இது. பூக்கிற வாரத்துல என் தொட்டியில தினம் 9 மில்லிமீட்டர் இறங்குச்சு, 9 பெருக்கல் 0.7 பெருக்கல் 1.2, கிட்டத்தட்ட 7.5 மில்லிமீட்டர். மோட்டார் 80 நிமிஷம். முழங்கால் உயரத்துல இதே கணக்கு 4.5 மில்லிமீட்டர்தான் வந்துச்சு. முளைச்சதுல இருந்து காயற வரைக்கும் மொத்தமா இந்தப் பயிருக்கு 500-ல இருந்து 800 மில்லிமீட்டர் வரைக்கும் வேணும்னு சொல்லுவாங்க, வெயிலும் ரகமும் பொறுத்து.

அடுத்தது டென்சியோமீட்டர். மண்ணுல இருந்து தண்ணிய உறிஞ்ச வேர் எவ்வளவு இழுக்க வேண்டியிருக்குன்னு காட்டுற கருவி இது. பிவிசி குழாய், அடியில நுண்துளை உள்ள பீங்கான் கிண்ணம், மேல ஒரு வெற்றிட கேஜ், உள்ள தண்ணி, அவ்வளவுதான் சமாச்சாரம். நான் கிண்ணத்தையும் கேஜையும் மட்டும் வாங்கி மத்தத நானே ஒட்டினேன். முதல் ரெண்டு நாள் முள் பூஜ்யத்த விட்டு நகரவே இல்ல, மண்ணு நல்லா ஈரமா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன், கையில மண்ண எடுத்து பிடிச்சு பார்த்தா உருண்டையே பிடிக்கல, பொலபொலன்னு உதிருது. அப்போதான் கருவியில கோளாறுன்னு புரிஞ்சுது. கேஜ் மரையில காத்து உள்ள போயிட்டு இருந்திருக்கு, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெற்றிடம் நிக்காது. டேப் சுத்தி இறுக்கி, தண்ணிய கொதிக்க வெச்சு ஆற விட்டு ஊத்தினேன், ஏன்னா சாதா தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்து குழாய்க்குள்ள குமிழா வந்து நின்னுடும். பீங்கான ராத்திரி முழுக்க தண்ணியில ஊற வெச்சேன். குழி போட்டு இறக்கறப்போ அதே மண்ண சேறா குழைச்சு கிண்ணத்த சுத்தி ஊத்தணும், பீங்கானுக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அது காட்டுறது எல்லாம் பொய். 30 சென்டிமீட்டர் ஆழத்துல ஒண்ணு, 60 சென்டிமீட்டர் ஆழத்துல ஒண்ணு.

இதுல ஒரு சின்ன திருத்தம் நிறைய பேர் விட்டுடறாங்க. குழாய்க்குள்ள நிக்கிற தண்ணியோட எடையும் கேஜ இழுக்கும், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு சுமார் 1 சென்டிபார், கேஜ்ல இழுப்ப அளக்கிற அலகு அது. 60 சென்டிமீட்டர் ஆழமும் தரைக்கு மேல 20-ம் சேர்த்தா 80, அதாவது கேஜ் காட்டுறதுல 8-ஐ கழிச்சுத்தான் மண்ணோட நிலைமைய படிக்கணும். திருத்தின எண் 10-க்கு கீழ இருந்தா மண்ணு நிறைஞ்சு கிடக்கு, 10-ல இருந்து 30 வரைக்கும் நல்ல பதம், எங்களோடது மணலும் களியும் கலந்த நடுத்தர மண்ணு, அதனால 45 வந்தா தண்ணி விடறதுன்னு வெச்சுக்கிட்டேன். 80-ஐ தாண்டினா கருவிக்குள்ள காத்து பூந்து வேலை செய்யாது, அப்போ முள் திரும்ப பூஜ்யத்துக்கு விழும், அத பார்த்து மண்ணு ஈரம்னு நினைச்சுடக் கூடாது.

விதைச்சு 23-ம் நாள் ரெண்டாவது பட்டைய மூடினேன். ஒரு வாரம் ஒண்ணுமே தெரியல. ரெண்டாவது வாரத்துல மத்தியானம் இலை சுருள ஆரம்பிச்சுது, பக்கவாட்டுல சுருண்டு வெங்காயத் தாள் மாதிரி நிக்கும், சாயங்காலம் விரிஞ்சுடும். பார்க்க மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, வால்வு பக்கத்துலயே இருக்கு, திருப்பினா முடிஞ்சுது. ஆனா விடல. இலை சுருள்றது செடி தன்னை காப்பாத்திக்கிறது, வெயில் படுற பரப்ப குறைச்சு, இலைத் துளைகள மூடி இருக்கிற தண்ணிய மிச்சம் பிடிக்குது. அதுக்கு கொடுக்குற விலை என்னன்னா துளை மூடினா காத்துல இருக்கிற கரியமில வாயுவும் உள்ள வராது, அந்த நேரத்துக்கு செடி சமைக்கிறது நின்னு போகும். மத்தியானம் மூணு மணிக்கு சுருண்டு ஆறு மணிக்கு விரிஞ்சா பரவாயில்ல. காலையில பத்து மணிக்கே சுருண்டா, இல்ல மறுநாள் விடியறப்பவும் சுருண்டே இருந்தா, அது ஆபத்து.

43-ம் நாள் திறந்து விட்டப்போ அந்தப் பட்டை பக்கத்து செடிய விட ஒரு அடி குட்டையா இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாரும் இது போச்சுன்னு சொன்னாங்க. ஓரமா ரெண்டு செடிய குழி வெட்டி பார்த்தேன், வேர் மத்த பட்டைய விட கீழ இறங்கியிருந்துச்சு. எட்டு இலை வர்றதுக்குள்ள கதிர்ல எத்தனை வரிசை மணி வரணும்ங்கிறது செடிக்குள்ள கிட்டத்தட்ட முடிவாயிடும், வரிசைக்கு எத்தனை மணிங்கிறதுதான் அதுக்கு அப்புறமும் பூக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் உருவாகிட்டே இருக்கும். அதனால இந்தக் காலத்துல காயப் போட்டா நஷ்டமே இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா திரும்ப எழுந்துக்க செடிக்கு நாள் இருக்கு.

50-ம் நாள் மூணாவது பட்டைய மூடினேன். இங்கதான் எல்லாமே நடந்துச்சு, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

மக்காச்சோளத்துல ஆண்பூ உச்சியில, பெண்பூ நடுத்தண்டுல கதிரா இருக்கு. கதிர்ல இருந்து வெளிய வர்ற ஒவ்வொரு பட்டுநூலும் ஒரு மணிக்கு உரியது. ஒரு நூல்ல மகரந்தம் விழுந்து அது அந்த நூல் வழியா உள்ள போய் சேர்ந்தாத்தான் அந்த இடத்துல மணி. அடியில இருக்கிற நூல் முதல்ல வெளிய வரும், நுனி நூல் கடைசியா வரும். நூல் வளர்றது முழுக்க தண்ணியோட அழுத்தத்துலதான், நல்ல ஈரம் இருந்தா ஒரு நாளைக்கு 3 சென்டிமீட்டர் வரைக்கும் கூட நீளும், தண்ணி இல்லைன்னா அப்படியே நின்னுடும். ஆண்பூவுக்கு அந்தப் பிரச்சனை அவ்வளவா இல்ல, அது நேரத்துக்கு வெடிச்சு ஒரு வாரத்துக்குள்ள கொட்டி முடிச்சுடும். ஆக வறட்சியில மகரந்தம் வந்து போயிடுது, நூல் லேட்டா வருது, அதுலயும் நுனி நூல் வர்றப்போ மேல ஒண்ணும் மிச்சமில்ல. போன வருஷத்து மொட்டை நுனிக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும்னு அந்தப் பட்டைக்குள்ள நிக்கிறப்போ தோணுச்சு. மெக்சிகோவுல இருக்கிற சிம்மிட் ஆராய்ச்சி மையத்துல வறட்சி தாங்குற ரகம் தேர்வு பண்றப்போ ஆண்பூவுக்கும் பட்டுநூலுக்கும் நடுவுல எத்தனை நாள் இடைவெளின்னுதான் முக்கியமா பார்த்தாங்க, இடைவெளி கம்மியா இருக்கிற செடிதான் வறட்சியிலயும் மணி பிடிச்சுது.

என் பட்டையில எண்ணினேன். முதல் பட்டையில ஆண்பூ வெடிச்ச மறுநாள் நூல் வந்துச்சு. மூணாவதுல நாலு நாள் கழிச்சு. ஒரு விஷயம் இங்க ஒத்துக்கணும், பக்கத்து பட்டைகள்ல ஆண்பூ இன்னும் கொட்டிட்டு இருந்ததால லேட்டா வந்த நூலுக்கும் கொஞ்சம் மகரந்தம் கிடைச்சிருக்கும், ஒரு முழு வயலும் இதே மாதிரி காஞ்சிருந்தா அந்த உதவி கூட கிடையாது, நஷ்டம் நான் எடுத்த அளவ விட அதிகமாத்தான் இருக்கும்.

மணி பிடிச்சிருக்கான்னு பார்க்க உரிச்சு உதறிப் பார்க்கிற வழி ஒண்ணு இருக்கு. நூல் வந்து ஒரு வாரம் பத்து நாள்ல ஒரு இளங்கதிர பறிச்சு, மேல இருக்கிற மட்டைய நூல் அறுந்துடாம மெதுவா கத்தியால கீறி எடுத்துட்டு, கதிர தலைகீழா பிடிச்சு லேசா உதறணும். கரு கூடின மணியோட நூல் தானா உதிர்ந்துடும். கூடாத மணியில நூல் ஒட்டிக்கிட்டே நிக்கும். முதல் பட்டை கதிர உதறினா நுனியில ஒரு குடுமி மட்டும் மிச்சம், மூணாவது பட்டை கதிர்ல பாதி நூல் அப்படியே தொங்குச்சு. அறுவடைக்கு 50 நாள் முன்னாடியே தெரிஞ்சு போச்சு.

இனி இதுல நான் எதிர்பார்க்காத ஒண்ணு. முழு தண்ணி குடுத்த முதல் பட்டையில, வாய்க்கு எதிர்ப்பக்கம், லேட்டரலோட வால் பக்கத்துல 57-ம் நாள் காலையில பத்தரை மணிக்கே இலை சுருண்டிருந்துச்சு. வெயில் ஜாஸ்தின்னு நினைச்சேன். கேஜ பார்த்தேன், 25 காட்டுது, நல்ல பதம். மூணு நாள் இப்படியே கேஜ நம்பினேன். 60-ம் நாள் விடியக்காலையில போனப்பவும் அந்த செடிங்க விரியாம நின்னுச்சு, அப்போதான் உறைச்சுது, கேஜ் வெச்சது வால்வுல இருந்து பத்து மீட்டர்ல, தலைப்பக்கத்துல. அது அந்த இடத்தோட உண்மையத்தான் சொல்லிட்டு இருந்துச்சு, வாலுக்கு அதுக்கு சம்பந்தமே இல்ல. அந்த மூணு நாள் எனக்கு இன்னும் உறுத்துது, ஏன்னா அது நூல் வந்துட்டு இருந்த நேரம்.

உடனே டம்ளர் சோதனை செஞ்சேன். லேட்டரல் நெடுக 16 ட்ரிப்பருக்கு அடியில டம்ளர் வெச்சு சரியா 6 நிமிஷம் ஓட்டணும், விழுந்த மில்லிலிட்டர பத்தால பெருக்கினா ஒரு மணி நேரத்து அளவு. 4 லிட்டர் ட்ரிப்பர்னா 400 மில்லி வரணும். தலைப்பக்கம் 400, 395, 390ன்னு வந்துச்சு, நடுவுல 350, 340, வால்ல 210, 160, 140, கடைசி ஒண்ணு 90. மொத்தத்துக்கு சராசரி 310. ரொம்ப கம்மியா வந்த நாலோட சராசரி 150. அந்த 150-ஐ 310-ஆல வகுத்தா 48 சதவீதம். எல்லா இடத்துக்கும் தண்ணி சமமா போகுதான்னு காட்டுற எண் இது, சொட்டுநீர்ல 90-க்கு மேல இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம், 70-க்கு கீழ போனா பழுது பார்த்தே ஆகணும், நம்மளோடது 48. நான் 80 நிமிஷம் ஓட்டி 7.5 மில்லிமீட்டர் குடுத்ததா நினைச்சுட்டு இருக்க, வால்ல இருந்த செடிக்கு 3 மில்லிமீட்டர் கூட போகல.

காரணத்த தேடிப் போனா அதுவும் வறட்சியிலதான் போய் முடிஞ்சுது. கிணத்துல தண்ணி இறங்கி இறங்கி ஃபுட் வால்வு, அதாவது மோட்டார் தண்ணி உறிஞ்சுற குழாயோட அடி வால்வு, அடிச்சேத்துக்கு ஒரு அடி மேல வந்து நிக்குது, மோட்டார் தண்ணியோட வண்டலையும் சேர்த்து இழுக்குது. பில்டர திறந்தா வலை ஓரத்துல விரல் நீளத்துக்கு கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா போன வண்டல் லேட்டரல்ல ஓடி, வால் பக்கத்துல வேகம் குறையறப்போ படிஞ்சு நின்னிருக்கு. தலைப்பக்கத்துல தண்ணி வேகமா ஓடுறதால அங்க படியாது, அதனாலதான் வால்வு பக்கத்துல நின்னு பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. முதல்ல ஃபுட் வால்வ மூணு அடி மேல தூக்கிக் கட்டினேன், ஒரே மூச்சுல ஓட்டற நேரம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு ரெண்டு தடவையா பிரிச்சு ஓட்டினேன். வலைய மாத்தினேன். அப்புறம் கழுவற வேலை, இதுல வரிசை முக்கியம், முதல்ல மெயின் குழாய், அடுத்து சப் மெயின்ங்கிற கிளைக் குழாய், கடைசியாத்தான் லேட்டரல், இல்லைன்னா மெயின்ல இருக்கிற அழுக்க நாமளே லேட்டரல்ல தள்ளி விடுவோம். லேட்டரல் எண்ட் கேப்ப எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறக்கக் கூடாது, அழுத்தம் விழுந்து தண்ணி சும்மா ஒழுகும், மூணு மூணா திறந்தேன், முதல்ல காப்பித்தூள் நிறத்துல வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சுது. கழுவியும் சரியாகாத ட்ரிப்பர கழட்டி பார்த்தா உள்ள வெள்ளையா உப்பு. அதுக்கு அமிலம் விட வேண்டியிருந்துச்சு, கையுறை கண்ணாடி போட்டுக்கிட்டு, தண்ணியிலதான் அமிலத்த ஊத்தணும், அமிலத்துல தண்ணிய ஊத்தவே கூடாது, தெறிக்கும். குளோரின் கலந்த எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தா விஷ வாயு. பயிர் நிக்கிறதால கலவைய மிதமாத்தான் வெச்சேன், ஒரு மணி நேரம் குழாய்க்குள்ள ஊற விட்டு நல்லா கழுவி வெளிய விட்டேன். அதுக்கும் மசியாத 23 ட்ரிப்பர மாத்தினேன். திரும்ப டம்ளர் வெச்சு பார்த்தா சராசரி 382, கம்மியான நாலோட சராசரி 350, வகுத்தா 92. கேஜ் ஒண்ண பிடுங்கி வால் பக்கத்துல நட்டேன்.

62-ம் நாள் மூணாவது பட்டைக்கும் தண்ணி திறந்தேன். ரெண்டு நாள்ல இலை விரிஞ்சு பச்சையா வந்துடுச்சு, வேற யாராவது அப்போ வந்து பார்த்திருந்தா இதுல எந்தக் குறையும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. போன சாகுபடியில நான் ஏமாந்ததும் இதே மாதிரிதான்.

நாலாவது பட்டை கதை சின்னது. 72-ம் நாள் பால் பிடிக்கிறப்போ மூடினேன், 80-ம் நாள் ராத்திரி மழை, காலையில மழைமானியில 18 மில்லிமீட்டர். சோதனை அதோட முடிஞ்சுது, எட்டு நாள் வறட்சி மட்டும்தான் அதுக்கு. மழையில தலைப்பக்கம் ஒரு பள்ளத்துல ரெண்டு நாளுக்கு மேல தண்ணி நின்னு அங்க ஒரு இருபது செடி மஞ்சளாச்சு, தண்ணி நின்னா மண்ணுல காத்து இல்லாம வேர் மூச்சு முட்டும், தழைச்சத்தும் ஆவியா போயிடும். வடிகால் வெட்டாதது என் தப்பு.

கடைசியா தண்ணி நிறுத்தறது எப்போங்கிறதுக்கு மணிய குறுக்க ஒடிச்சு பார்த்துக்கிட்டே இருந்தேன். மேல இருந்து மாவு இறங்க இறங்க பால் கோடு கீழ போகும், கோடு அடிக்கு வந்து மணியோட காம்புல கறுப்பா ஒரு படலம் விழுந்தா அதுக்கு மேல ஒரு சொட்டு தண்ணியும் எடைக்கு சேராது. மண்ணுல இருக்கிற ஈரம் போதும்னு கணக்கு பார்த்து 96-ம் நாளே நிறுத்திட்டேன், கறுப்புப் படலம் 104-ம் நாள் வந்துச்சு. இந்த மண்ணு ஒரு மீட்டர் ஆழத்துக்கு சுமார் 150 மில்லிமீட்டர் தண்ணிய செடி எடுத்துக்கிற மாதிரி பிடிச்சு வெக்கும், வேர் நல்லா இருக்கிற 60 சென்டிமீட்டருக்கு 90 வருது, அதுல பாதி வரைக்கும் செடி கஷ்டப்படாம எடுக்கும், அந்தக் கடைசி நேரத்துல தினம் 4, 5 மில்லிமீட்டர்தான் செலவு.

அறுவடை. வால் பக்கத்து அடைப்பு நாலு பட்டையிலயும் இருந்ததால, ஒப்பிடறதுக்கு எல்லாத்துலயும் தலைப்பக்கத்துப் பாதியில, நடு ரெண்டு வரிசையில மட்டும் 20 கதிர் எடுத்தேன், ஓர வரிசைக்கு பக்கத்து பட்டை ஈரம் கசியும். எல்லாத்துலயும் மணி வரிசை பெரும்பாலும் 14, மக்காச்சோளத்துல வரிசை சாதாரணமா இரட்டைப்படையிலதான் வரும். வித்தியாசம் முழுக்க வரிசைக்கு எத்தனை மணிங்கிறதுல இருந்துச்சு. முதல் பட்டையில சராசரி 36. குட்டையா போச்சுன்னு எல்லாரும் சொன்ன ரெண்டாவதுல 33. நாலாவதுல 35, ஆனா மணி சூம்பி இருந்துச்சு, நூறு மணி எடை முதல் பட்டையில 29 கிராம், இதுல 22. மூணாவதுல வரிசைக்கு 19 மணி. மணி கம்மியா இருக்கிறதால ஒவ்வொண்ணும் கொஞ்சம் பெருத்து நூறு மணி 31 கிராம் வந்துச்சு, அது இழந்தத ஈடு கட்ட எங்க போதும்.

ஒரு கதிருக்கு கிராம் கணக்குல போட்டா முதல் பட்டை 146, ரெண்டாவது 134, நாலாவது 108, மூணாவது 82. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நிறுத்தின தண்ணி ஒரே அளவு. ஒண்ணுல 8 சதவீதம் போச்சு, இன்னொண்ணுல 44.

இதே போக்க ஐநா உணவு வேளாண் அமைப்பு 1979-ல வெளியிட்ட 33-ம் நம்பர் கையேட்டுல எண்ணா குடுத்திருக்காங்க. பயிருக்கு தேவைப்படற தண்ணியில 10 சதவீதம் சாகுபடி முழுக்க குறைஞ்சா மக்காச்சோள விளைச்சல் 12.5 சதவீதம் குறையும், அதாவது காரணி 1.25. பருவம் பருவமா பிரிச்சா வளர்ச்சிப் பருவத்துல 0.4, பூக்கிறப்போ 1.5, மணி முத்தறப்போ 0.5, காயறப்போ 0.2. என் பட்டை சின்னது, ஒரே ஒரு சாகுபடி, ஆனாலும் எந்தப் பருவத்துல அடி பெருசுங்கிறது பொருந்தி வந்துச்சு. 2012-ல அமெரிக்காவுல கோடை வறட்சி பூக்கிற காலத்தோட சேர்ந்து வந்தப்போ நாடு முழுக்க சராசரி ஏக்கருக்கு 123 புஷல் அளவுக்கு விழுந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 2014-ல அதே நாட்டுல 171. ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ, அப்போ ஏக்கருக்கு 1,200 கிலோவுக்கும் மேல வித்தியாசம். அந்த வறட்சியிலயும் நெப்ராஸ்கா மாதிரி நிலத்தடி தண்ணி வெச்சு பாசனம் பண்ற இடங்கள்ல பாசன வயல் தாங்கிடுச்சு, மானாவாரிதான் காஞ்சுது.

இனி கையில தண்ணி கம்மியா இருந்தா நான் என்ன பண்ணுவேன்னா, முழங்கால் உயரத்துல இலை மத்தியானம் சுருண்டா பார்த்துட்டு பேசாம இருப்பேன், உரம் வெக்கிற அன்னிக்கு மட்டும் ஈரம் இருக்கிற மாதிரி பார்த்துக்குவேன், ஏன்னா காஞ்ச மண்ணுல தழைச்சத்து வேருக்கு போய்ச் சேராது. ஆண்பூ வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி டம்ளர் சோதனைய முடிச்சு, வலைய கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு கிழிசல் பார்த்துட்டு, அன்னையில இருந்து நூல் பழுப்பாகி இன்னொரு பத்து பதினைஞ்சு நாள் வரைக்கும், கரு கூடின மணி செத்து விழற காலம் அது, ஒரு நாள் கூட தவற விடாம குடுப்பேன். அவ்வளவு தண்ணி கிணத்துல இருக்காதுன்னு விதைக்கிறப்பவே தெரிஞ்சா விதைக்கிற பரப்ப குறைச்சுடுவேன்.

முதல் பட்டையோட வால் பக்கத்துல இருந்து தனியா 20 கதிர் எடுத்திருந்தேன். தண்ணி முழுசா குடுத்ததா நோட்டுல எழுதியிருக்கிற இடம் அது. வரிசைக்கு 22 மணி. அதுல ஒண்ணையும் தலைப்பக்கத்துல 36 மணி வந்த ஒண்ணையும் சேர்த்து கயித்துல கட்டி பில்டருக்கு மேல இருக்கிற ஆணியில மாட்டியிருக்கேன். கேஜ் ரெண்டையும் கழுவி துடைச்சாச்சு, பீங்கான் கிண்ணம் இப்போ சுத்தத் தண்ணி வாளியில ஊறிட்டு இருக்கு, அடுத்த விதைப்புக்கு மூணாவதா ஒண்ணு செய்ய குழாய் அறுத்து வெச்சிருக்கேன், அது நேரா வாலுக்குத்தான்.